மேலே வண்டல், அடியில் மணல்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

மண் ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களோடு குழி வெட்டப் போகும்போதெல்லாம் ஒன்றைக் கவனிக்கிறேன். மேலே மிருதுவான வண்டல், அடியில் சுத்தமான மணல் என்று வந்துவிட்டால் அவர்கள் முகம் மலர்ந்துவிடும். "சுலபமான மண், நல்ல வடிகால்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பப் பார்ப்பார்கள். என் பழைய குறிப்பேடுகளிலும் அதே வரி இருப்பதால் அதிகம் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் எரிச்சல் வருகிறது.

ஆறோ, பனியாற்றின் உருகுநீரோ, காற்றோ முதலில் மணலைப் பரப்பிவிட்டுப் போயிருக்கும். அதன்மேல் பிற்பாடு காற்று கொண்டுவந்த நுண்தூளோ, மெதுவாக வடிந்த வெள்ளம் விட்டுச்சென்ற படிவோ சேர்ந்திருக்கும். வண்டல் என்று இங்கே சொல்வது 0.002 முதல் 0.05 மி.மீ. வரையுள்ள துகள்களை. அதற்கு மேல் 2 மி.மீ. வரை மணல், கீழே போனால் களி. பழுப்பு நிறம், பொலபொலப்பு, மழை விட்ட கொஞ்ச நேரத்திலேயே கால் புதையாமல் நடக்க முடிவது என்று நல்ல வடிகாலின் அடையாளங்கள் எல்லாம் இந்த மண்ணில் உண்டு. சிக்கலே அதனால்தான் வருகிறது.

பையில் சீட்டு ஒட்ட மறப்பது, ஆகரை (மண்ணில் துளை போடும் திருகுக் கருவி) துடைக்காமல் அடுத்த மாதிரி எடுப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை திட்டு வாங்கினால் அதெல்லாம் சரியாகிவிடும்.

வழவழப்பாக இருந்தால் களி என்று எழுதுவது

ஈரமாக்கிய வண்டலை விரல்களுக்கிடையே தேய்த்தால் வெண்ணெய்போல் வழுக்கும். உடனே "களிமண்" என்று எழுதிவிடுகிறார்கள். வழுக்குவது வேறு, ஒட்டுவது வேறு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடாவாகத் தள்ளிப் பாருங்கள். வண்டல் மிகுந்த மண் இரண்டு, இரண்டரை செ.மீ. நீள்வதற்குள் முறிந்துவிடும். உண்மையான களி 5 செ.மீ. தாண்டியும் தொங்கும். கையில் காய விட்டால் வண்டல் பவுடர்போல் உதிரும். களியைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

கண்ணாடிக் குடுவையில் கலக்கிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 0.05 மி.மீ. மணல் 10 செ.மீ. படிய ஒரு நிமிடம்கூட ஆகாது. 0.002 மி.மீ. துகள் அதே தூரம் இறங்க ஏறக்குறைய 8 மணி நேரம் பிடிக்கும். மதியம் கலக்கிவிட்டு மாலையில் கோடு போடுவது வெறும் ஊகம்.

அடியில் மணல் இருப்பதால் தண்ணீர் ஓடிவிடும் என்று நம்புவது

காசைக் கரைக்கும் தவறு இதுதான். இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

புதியவர் ஆகரால் துளை போடுவார். வண்டலைத் தாண்டி மணல் கையில் வரும்வரை போவார். துளையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார். கண்ணெதிரே தண்ணீர் மாயமாகும். "மிக வேகமான வடிகால், ஈரம் நிற்காது, அடிக்கடி பாசனம் தேவை" என்று அறிக்கை தயாராகிவிடும். அவர் அளந்தது மணலை மட்டும்தான். துளை வழியாகத் தண்ணீரை நேரே மணலுக்குள் கொட்டிவிட்டார். வயலில் பெய்யும் மழைக்கும் பாய்ச்சும் நீருக்கும் அப்படியொரு குறுக்குவழி கிடையாது. வண்டலின் நுண்துளைகளைக் கடந்துதான் அது மணலை அடைய வேண்டும்.

அடைந்தாலும் உடனே இறங்காது. நம்பக் கஷ்டமான இடம் இது. மண்துகள்களுக்கு இடையே உள்ள ஒரு துளை தண்ணீரை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பது அதன் அகலத்தைப் பொறுத்தது. 0.02 மி.மீ. விட்டமுள்ள நுண்துளை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தாங்கும். 0.2 மி.மீ. துளையால் 15 செ.மீ. வரைதான் முடியும். வண்டலில் முதல் ரகம் அதிகம், மணலில் இரண்டாவது ரகம். சிறிய துளை இறுகப் பிடித்திருக்கும் நீர் பெரிய துளைக்குள் தானாகப் போகாது. எல்லைக்கு வந்து நின்றுவிடும். மேலிருந்து இன்னும் இன்னும் நீர் சேர்ந்து, வண்டலின் அடிப்பகுதி கிட்டத்தட்ட முழுக்க நிரம்பிய பிறகே பிடி தளரும். அப்போதும் நீர் பரவலாக இறங்குவதில்லை. அங்கங்கே குறுகலான சில தடங்களில் விறுவிறுவென்று இறங்கும், பக்கத்து மணல் காய்ந்தே கிடக்கும்.

பாடநூல் எண்களைப் புதியவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்: மணலில் நீர் மணிக்குச் சுமார் 20 செ.மீ. கடக்கும், வண்டல் மிகுந்த இருமண்ணில் (மணல், வண்டல், களி மூன்றும் கலந்த மண்) 1 செ.மீ.கூடக் கடக்காது. சரி, ஆனால் அவை துளைகள் முழுக்க நிரம்பிய மண்ணுக்கான எண்கள். மண் கொஞ்சம் காய்ந்துவிட்டால் கதை தலைகீழ். மணலின் பெரிய துளைகள் காலியாகிவிடுவதால் தண்ணீருக்குத் தொடர்ச்சியான பாதையே இருக்காது. வண்டலில் அந்தப் பாதை அறுபடாமல் இருக்கும்.

ஒரு பழத்தோட்டத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். மேலே 60 செ.மீ. சொச்சம் வண்டல், அடியில் பருமணல். வாளித் தண்ணீர்ச் சோதனையை நம்பி யாரோ எழுதிய அறிக்கைப்படி தினமும் சொட்டுநீர் விட்டிருக்கிறார்கள். இலைகள் வெளிறியதும் தழைச்சத்துப் பற்றாக்குறை என்று உரத்தைக் கூட்டியிருக்கிறார்கள். இன்னும் வெளிறியதும் இன்னும் உரம். மரத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டினோம். மேல் முழம் நன்றாகவே இருந்தது. எல்லைக்கு மேலே நான்கு விரற்கடை அளவு மண் மட்டும் பளபளவென்று மின்னியது. ஒரு பிடி எடுத்து அமுக்கினால் விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. அந்தப் பட்டைக்குள் வந்த வேர்களின் நுனி கறுத்து, தோல் உரிந்து, கிடைமட்டமாகத் திரும்பியிருந்தது. அதற்கு ஒரு விரல் கீழே கரண்டியை வைத்ததும் மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. ஈரமே இல்லை. தண்ணீர் தேங்கிய மண்ணும் வறண்ட மணலும் ஒரே சுவரில், ஒரு விரல் இடைவெளியில்.

இலை வெளிறியது வேருக்குக் காற்று இல்லாமல். கூட்டிப் போட்ட உரத்தின் நைட்ரேட், ஒவ்வொரு தடவை பிடி தளரும்போதும் அந்தக் குறுகிய தடங்கள் வழியாக மணலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மணலில் அதைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. நேரே நிலத்தடி நீருக்குத்தான். அதற்கு முன்பே வந்துபோன ஓர் ஆலோசகர் என்ன சொல்லியிருந்தார் தெரியுமா? ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் பள்ளம் தோண்டி மணல் நிரப்பினால் வடிகால் கூடும் என்று! ஏற்கெனவே தொல்லை தரும் எல்லையை இன்னும் நாலு இடத்தில், வேருக்கு இன்னும் கிட்டே உண்டாக்குவதற்குப் பெயர் ஆலோசனை. பூத்தொட்டியின் அடியில் சரளைக்கல் போடுவதும் இதே தப்புதான். சரளை வடிகாலைக் கூட்டாது, ஈரம் தேங்கும் மட்டத்தை மேலே தூக்கும்.

வண்டல் அடுக்கு எவ்வளவு தடிமன் என்பது ரொம்ப முக்கியம். நனைத்த ஸ்பாஞ்சைப் படுக்கையாகப் பிடியுங்கள், சொட்டுவது நிற்கட்டும். அப்புறம் நிமிர்த்திப் பிடித்தால் மறுபடி சொட்டும். உயரம் கூடினால் மேல்பகுதி வடியும். அடியில் ஈரம் நிற்கும். வண்டலும் அப்படியே. ஒரு மீட்டர் வண்டல் இருந்தால் வேர்கள் பெரும்பாலும் அந்த ஈரப் பட்டைக்கு மேலேயே சுகமாக இருக்கும். 30 செ.மீ. தான் என்றால் பட்டையே வேர்மண்டலத்தின் பெரும்பங்கு.

அப்படியானால் இது வடிகால் கெட்ட மண்ணா? இல்லை. பெருமழையில் வரும் மிகுதி நீரை இது வைத்துக்கொள்வதில்லை, பிடி தளர்ந்ததும் விட்டுவிடுகிறது. எல்லையில் நிற்கும் ஈரமும் ஒருவிதத்தில் வரவுதான். ஒரு மீட்டர் வண்டல், பயிருக்குப் பயன்படும் நீரை ஏறத்தாழ 200 மி.மீ. வரை வைத்திருக்கும், அடியில் மணல் இருந்தால் அதற்கு மேலும் கொஞ்சம் தங்கும். வேர்கள் அதை உறிஞ்ச அவகாசம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் நனைப்பதற்குப் பதில், இடைவெளி விட்டுப் பாய்ச்சுங்கள். டென்சியோமீட்டர் (மண் தண்ணீரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று அளக்கும் கருவி) வாங்க முடிந்தால் அதன் நுனியை மேல்மண்ணில் வைக்காமல் எல்லைக்குச் சற்று மேலே வையுங்கள். அது ஈரம் என்று காட்டிக்கொண்டிருக்கிற வரைக்கும் வால்வைத் தொடாதீர்கள்.

எல்லையில் துருப் புள்ளியைப் பார்த்துப் பதறுவது

மேலே சொன்னதற்கு நேர் எதிர்த் தவறு இது. வண்டலின் அடியில் லேசான துரு நிறத் திட்டுகள், நடுவே வெளிறிய புள்ளிகள் தெரியும். "நிலத்தடி நீர் இவ்வளவு மேலே வருகிறது" என்று எழுதி, நல்ல நிலத்தை வடிகாலற்ற நிலமாக்கிவிடுவார்கள். நிலத்தடி நீர் கீழிருந்து வருவது. அது ஏறி வந்திருந்தால் மணலிலும் அடையாளம் வைத்திருக்கும். கீழே மணல் ஒரே நிறமாக, சுத்தமாக இருந்து, எல்லைக்கு மேல் மட்டும் திட்டு இருந்தால் அது தொங்கி நின்ற நீரின் வேலை. எழுதுவதற்கு முன் இன்னும் அரை மீட்டர் தோண்டுங்கள்.

தரை சமம், எனவே மணலும் சமம்

மேலே தண்ணீர் மட்டம் வைத்ததுபோல் தட்டையான வயல். அடியில் பழைய மணல்மேடும் ஓடைத்தடமும் அப்படியே புதைந்து கிடக்கும். வண்டல் பள்ளத்தை நிரப்பி, மேட்டை மெலிதாக மூடியிருக்கும். நடுவில் ஒரே ஒரு துளை போட்டு "வண்டல் 90 செ.மீ." என்று முழு வயலுக்கும் எழுதினால், பத்தடி தள்ளி அது 35 ஆக இருக்கலாம். வறண்ட பருவத்தில் பயிர் திட்டுத்திட்டாக வாடுகிற இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு அங்கே முதலில் ஆகரைப் போடுங்கள். பயிர் போட்டுக் கொடுக்கும் வரைபடம் இலவசம்.

அப்புறம், குறிப்பில் மணல் அடுக்கின் பெயருக்கு முன்னால் '2' என்ற எண்ணைப் போட மறக்காதீர்கள். மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் வேறு வேறு மூலப்பொருளிலிருந்து வந்தவை என்று படிக்கிறவருக்குச் சொல்வது அந்த ஓர் எண்தான்.

வண்டல் என்றாலே வளம்

வண்டல் துகள் பெரும்பாலும் குவார்ட்ஸ் தூள். சத்தைப் பிடித்துவைப்பது அதோடு கலந்திருக்கும் கொஞ்சம் களியும் மட்கும். மட்கைத் தின்னக் கொடுத்துவிட்டு வண்டலை நம்பினால் ஏமாற்றம்தான்.

மட்கு குறைந்தால் இன்னொன்றும் நடக்கும். மழைத்துளி அடித்து மண்கட்டி உடைய, தூள் துளைகளை அடைத்து, காய்ந்ததும் மேலே பொருக்கு தட்டும். முளை அதை முட்டி முட்டி வளைந்துபோகும். அதற்கு மேலும் உழுது பொடியாக்குவது தீர்வாகாது, மூடாக்குப் போடுங்கள்.

ஈரத்தில் உழுவது

வேண்டாம்.

சரிவில் வெறும் மண்ணாக விடுவது

ஒட்டும் தன்மையும் இல்லை, எடையும் இல்லை. நீர் அரிப்பில் முதலில் போவது வண்டல்தான்.

மணல் கலந்து இளக்குவது

வேண்டவே வேண்டாம். நிலைமை மாறுகிற அளவுக்கு மணல் கொட்ட உங்களால் முடியாது.

வண்டல் சுவரை நம்பிக் குழிக்குள் இறங்குவது

இதில் மட்டும் விளையாட்டு கூடாது. வண்டல் செங்குத்தாக வெட்டினாலும் அழகாக நிற்கும், சரி. அடியில் மணல் காயக் காய மெல்ல உதிர்ந்து உள்வாங்கும். மேலே இருப்பது தாங்கல் இல்லாமல் தொங்கும் பலகையாகிவிடும். விழும்போது சத்தம் கொடுத்துவிட்டு விழாது. ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குப் பக்கத் தாங்கலோ படிக்கட்டு வெட்டோ இல்லாமல் இறங்காதீர்கள். மணல் உதிர ஆரம்பித்துவிட்டால் அதைவிட ஆழம் குறைவாக இருந்தாலும் வெளியே வாருங்கள். தோண்டிய மண்ணை விளிம்பை விட்டுத் தள்ளிக் கொட்டுங்கள், மேலே ஓர் ஆள் நிற்கட்டும்.

குழியை மூடும்போது

மணல் முதலில், வண்டல் அதன்மேல். தோண்டும்போதே இரண்டையும் தனித்தனிக் குவியலாகப் போட்டிருந்தால்தான் இது முடியும்.