குழாயில் வருகிற கேஸுக்குக் கவலை இல்லையா?

மும்பை செம்பூரில் நான் காலை டிபன் சாப்பிடும் கடையை நடத்துபவர் திருநெல்வேலிக்கார அண்ணாச்சி. வளைகுடாவில் பதற்றம் என்று டி.வி.யில் ஓடினால் போதும், சட்னி ஊற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். "நமக்கென்ன தம்பி? நம்ம பாம்பே ஹையிலயே கேஸ் எடுக்கான். குழாய்ல வருது. சிலிண்டர்காரன்தான் பயப்படணும்."

பெரிய பெரிய விவாதங்களிலும் இதே தவறுகளைத்தான் கொஞ்சம் கோட்டு போட்டுப் பேசுகிறார்கள். அதனால் அண்ணாச்சியிடமிருந்தே தொடங்கலாம்.

பாம்பே ஹை 1974-ல் மும்பைக்கு எதிரே கடலில் கண்டுபிடித்த எண்ணெய்-எரிவாயு வயல், அதன் எரிவாயு மும்பைக்கு அருகிலுள்ள உரண் வழியாகக் கரையேறுகிறது, எல்லாம் சரி. ஆனால் நாடு எரிக்கும் இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதி இறக்குமதி. உள்நாட்டில் கிடைக்கும் மலிவான கேஸ் முதலில் வீட்டு அடுப்புக்கும் வண்டிகளின் சி.என்.ஜி.க்கும் போகிறது. ஹோட்டலும் தொழிற்சாலையும் அந்த வரிசையில் இல்லை. அவர்கள் கணக்கில் ஏறுவது பெரும்பாலும் சந்தை விலையில் வாங்கிய இறக்குமதி. குழாய்க்குள் எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் ஓடும், கணக்கு மட்டும் தனி. ஆக அண்ணாச்சி வீட்டில் தோசை சுடுவது உள்நாட்டு கேஸில், கடையில் சுடுவது கப்பலில் வந்த கேஸில். வீட்டுக்கான முன்னுரிமையும் கல்லில் பொறித்ததல்ல. 2024 அக்டோபரிலும் நவம்பரிலும் நகர எரிவாயு நிறுவனங்களுக்கான மலிவு கேஸ் ஒதுக்கீட்டை அடுத்தடுத்துக் குறைத்தார்கள். மும்பையில் சி.என்.ஜி. விலையும் ஏறியது.

அடுத்த தவறு, ஒப்பந்தத்தையே கேஸ் என்று எண்ணுவது. ரஷ்ய எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமோடு நம் அரசு எரிவாயு நிறுவனமான கெயில் 2012-ல் 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 25 லட்சம் டன். 2018-ல் கப்பல்கள் வரத் தொடங்கின. கையெழுத்துப் போட்டது காஸ்ப்ரோமின் சிங்கப்பூர் நிறுவனம். அது பிற்பாடு ஜெர்மனியிலிருந்த துணை நிறுவனத்தின் கீழே போயிருந்தது. 2022-ல் உக்ரைன் போர் வந்ததும் ஜெர்மனி அரசு அந்தத் துணை நிறுவனத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ரஷ்யா பதிலுக்கு அந்த நிறுவனத்தின் மேல் தடை போட்டது. நமக்கு வர வேண்டிய கப்பல் நின்றுபோனது. மறுபடி வரத் தொடங்கியது 2023-ல். இதில் கவனிக்க வேண்டியது, இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் சண்டை இல்லை, இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் சண்டை இல்லை. விற்பவர் எந்த நாடு என்று மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த ஓட்டை தெரிந்திருக்காது. யாருடைய கம்பெனி யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்த்திருக்க வேண்டும்.

அப்படியானால் ஒப்பந்தமே வேண்டாம், தேவைப்படும்போது ஸ்பாட் சந்தையில் அன்றைய விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள் சிலர். 2022 ஜூலையில் கேஸ் வாங்கப் பாகிஸ்தான் டெண்டர் விட்டது. விற்க ஒருவரும் முன்வரவில்லை. ஐரோப்பா அதைவிட அதிகமாகக் கொடுக்கத் தயாராக இருந்ததால் கப்பல்கள் அங்கே திரும்பிவிட்டன. காசு இருந்தால் கேஸ் கிடைக்கும் என்பது உண்மைதான். அடுத்தவனிடம் அதைவிடக் காசு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தை அன்றைய விலையோடு ஒப்பிட்டுத் திட்டுவதும் இதோடு சேர்ந்த தவறு. கத்தாருடன் 1999-ல் போட்ட 25 ஆண்டு ஒப்பந்தப்படி 2004-ல் குஜராத்தின் தகேஜ் இறக்குமதி முனையத்துக்கு எல்.என்.ஜி., அதாவது குளிரூட்டித் திரவமாக்கிய எரிவாயு, வரத் தொடங்கியது, பிற்பாடு ஆண்டுக்கு 75 லட்சம் டன். 2015-ல் ஸ்பாட் விலை சரிந்தபோது, ஏமாந்துவிட்டோம் என்றார்கள். இங்கே அதை வாங்கும் பெட்ரோநெட் நிறுவனம் எடுக்க வேண்டிய அளவை எடுக்கவில்லை. அந்த ஆண்டுக் கடைசியில் கத்தார் விலைக் கணக்கை மாற்றியது, எடுக்காததற்கான அபராதத்தையும் விட்டுக்கொடுத்தது. ஏழு வருஷம் கழித்து ஸ்பாட் விலை எகிறியபோது அதே ஒப்பந்தம் பொன்னாகத் தெரிந்தது. 2024 பிப்ரவரியில் அதை 2028-லிருந்து இன்னும் 20 ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். என்னைக் கேட்டால் நல்ல முடிவுதான். ஆனால் அந்தக் கப்பல் ஒவ்வொன்றும் வளைகுடாவிலிருந்து வெளியேற இருக்கும் ஹோர்முஸ் நீரிணை என்ற ஒரே வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். உலகின் எல்.என்.ஜி. வணிகத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்கு அதுதான் வழி.

சரி, கப்பல் வந்துவிட்டது. கேஸ் வந்துவிட்டதா? கொச்சியில் 50 லட்சம் டன் முனையம் 2013-ல் தயாரானது. ஆனால் அங்கிருந்து மங்களூருக்குப் போகும் 450 கிலோமீட்டர் குழாய் திறந்தது 2021 ஜனவரியில். அதுவரை முனையத்தின் பெரும்பகுதி சும்மா கிடந்தது. கோவை வழியாகப் பெங்களூருக்குப் போக வேண்டிய குழாயைக் கொங்கு விவசாயிகள் நிலத்துக்காக எதிர்த்ததும் உச்ச நீதிமன்றம் வரை போனதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது; நிலத்துக்காரரைக் கேட்காமல் வரைபடத்தில் கோடு போட்டால் குழாய் வராது. இங்கே மகாராஷ்டிராவில் தாபோல். அமெரிக்க என்ரான் நிறுவனத்தின் மின் நிலையத்தால் ஊரறிந்த இடம். அங்கே 2013-ல் முனையம் வந்தது, அலைதடுப்புச் சுவர் முடியவில்லை. அதனால் பல ஆண்டுகள் மழைக்காலம் முழுக்கக் கப்பல் கரையணைய முடியாமல் இருந்தது. ஆண்டுக் கொள்ளளவு என்று தாளில் போடும் எண்ணைப் படிக்கும்போது, ஜூலை மாதத்தில் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

கச்சா எண்ணெய்க்கு இருப்பதுபோல இதற்கும் இருப்பு இருக்கும் என்று நம்புவது இன்னொன்று. விசாகப்பட்டினம், மங்களூர், படூர் நிலத்தடிக் குகைகளில் இருப்பது கச்சா எண்ணெய். எல்.என்.ஜி. என்பது மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரூட்டி, கன அளவைச் சுமார் 600-ல் ஒரு பங்காகச் சுருக்கிய எரிவாயு. எவ்வளவு நல்ல தொட்டியில் வைத்தாலும் தினமும் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டே இருக்கும், நிலக்கரிபோலக் குவித்துவைக்க முடியாது. ஐரோப்பா தீர்ந்துபோன எரிவாயு வயல்களில் அடைத்துவைக்கிறது. நம்மிடம் அது இல்லை.

இதையெல்லாம் சொன்னபோது அண்ணாச்சி அசரவில்லை. "குழாய் நின்னா என்னய்யா, உள்ள ரெண்டு சிலிண்டர் எப்பவும் கிடக்கும்லா." சிலிண்டரில் இருப்பது வேறு வாயு, எல்.பி.ஜி., உண்மைதான். ஆனால் நாட்டுக்கு வேண்டிய எல்.பி.ஜி.யில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதுவும் பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து என்றேன். கரண்டியைக் கீழே வைத்தார்.

"அதுவும் அதே கடல்லதான் வருதா?"