வாலிபர் ஐக்கியம் ஆரம்பிக்கப் போகிறீர்களா? முதலில் உலை வையுங்கள்

சென்னை ஓஎம்ஆர் பக்கம், துரைப்பாக்கத்திலோ நாவலூரிலோ, மூன்று பேருக்கு ஒரு ரூம் என்று பிஜியில், அதாவது மாத வாடகை விடுதியில், தங்கியிருக்கிற ஒரு நெல்லைப் பையனையோ நாகர்கோவில் பெண்ணையோ நினைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருந்தவரை ஞாயிறு காலை முதல் மணி அடித்ததுமே அம்மா போர்வையை உருவிவிடுவார், அப்புறம் ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, லெந்து நாள் (தவக்காலக்) கூட்டம், அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, வெங்காயம் உரிப்பது என்று ஏதாவது ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும். இங்கே போர்வையை உருவ ஆளில்லை. முதல் மாதம் ஏதோ ஒரு பெரிய சபைக்குப் போவார்கள், ஆயிரம் பேருக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டோ பிடித்துத் திரும்புவார்கள். மூன்றாம் மாதம் படுத்தபடியே யூடியூபில் ஆராதனை. ஆறாம் மாதம் அதுவும் நின்றுவிடும். இதில் கொடுமை என்னவென்றால், அவர்கள் வராமல் போனது யாருக்குமே தெரியாது.

இந்த வயதுப் பிள்ளைகள் ஒன்றாகக் கூடுவதற்கு ஓர் ஐக்கியம் ஆரம்பிக்கலாமே என்று யோசிக்கிறவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். முதல் தடவை நான் செய்தது எல்லாமே தப்பு. பேனர் அடித்தோம், கீபோர்டு, டிரம்ஸ், வாடகைக்கு சவுண்ட் சிஸ்டம், செய்தி கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார். ஹால் நிறைந்தது. ஆறாவது வாரம் எண்ணிப் பார்த்தால் வாசிக்கிறவர்கள், மைக் பிடிக்கிறவர்கள், நாற்காலி போடுகிறவர்கள் போக நாலே பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஒருவர் வாட்ச்மேன். வந்துபோன அத்தனை பேரில் ஒருவருடைய பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. (செய்தி வேறு ஐம்பது நிமிடம். பைபிளில் அப்போஸ்தலர் 20இல் பவுல் நடுராத்திரி வரை பேசிக்கொண்டே இருக்க, ஐத்திகு என்கிற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடி தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான் இல்லையா, வாலிபர் கூட்டம் நடத்துகிற எல்லாரும் அந்த அதிகாரத்தை வருஷத்துக்கு ஒருமுறை படிக்க வேண்டும்.)

இரண்டாம் தடவை நாலு பேரோடு ஆரம்பித்தோம். மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை (நடக்க முடியாமல் படுத்துக் கிடந்தவனை) நாலு பேர் சுமந்துகொண்டு வந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள் அல்லவா, அந்தக் கணக்குதான். நாலு பேர் கிடைக்கும்வரை அறிவிப்பு எதுவும் வேண்டாம். அந்த நாலு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது நன்றாகப் பாடுகிறவனை, நன்றாகப் பேசுகிறவனைத் தேடாதீர்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வாங்கிக்கொண்டு போகிற ஆளைத் தேடுங்கள். நாலு பேரில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். ஆயரிடம் ஆரம்பத்திலேயே போய்ச் சொல்லிவிடுங்கள், "ஐயா, இது சபைக்குப் போட்டி இல்லை, ஞாயிறு காலை நேரத்தைத் தொட மாட்டோம்" என்று. பிறகு கமிட்டியில் யாராவது "இவங்க யாரு தனிக் கூட்டம் போட?" என்று கேட்கும்போது அவர்தான் உங்களுக்காகப் பேச வேண்டியிருக்கும். கேட்பார்கள், அதில் சந்தேகமே வேண்டாம்.

இடம் யாராவது ஒருவருடைய வீடாக இருப்பது நல்லது. சபை ஹால் என்றால் எல்லாரும் தானாகவே பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள், வீட்டில் பின்வரிசை கிடையாது. வேளச்சேரியிலோ மேடவாக்கத்திலோ பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட ஒரு வயதான தம்பதி உங்கள் சபையிலேயே இருப்பார்கள், அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் சத்தம் கேட்பது அவர்களுக்கும் வேண்டியதாக இருக்கும்.

அடுத்தது சாப்பாடு. பிஜி சாப்பாட்டில் ஒரு வாரம் ஓட்டியவர்களுக்கு வீட்டுச் சோறு என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆர்டர் பண்ணாதீர்கள், அதுதான் முக்கியம். ஒன்றரைக் கிலோ அரிசி, அதே அளவு தக்காளி, பதினைந்து முட்டை இருந்தால் பன்னிரண்டு பேருக்குத் தக்காளி சாதமும் முட்டைப் பொரியலும் ஆகிவிடும், மிச்சம்கூட வரும். புதிதாக வந்தவனை நடுவில் உட்காரவைத்து "உங்களைப் பற்றிச் சொல்லுங்க பிரதர்" என்றால் அவன் அடுத்த வாரம் வர மாட்டான். கையில் ஒரு கத்தியும் அரைக் கிலோ வெங்காயமும் கொடுத்துப் பாருங்கள், வெங்காயம் முடிவதற்குள் அவனுடைய டீம் லீடர் முதல் முறிந்துபோன காதல் வரை எல்லாம் வந்துவிடும். ஆதிச் சபையைப் பற்றிச் சொல்லும்போது அப்போஸ்தலர் 2:42 உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம் என்று நாலையும் ஒரே வரியில் வைக்கிறது. நாம் என்னவோ உபதேசத்தை மைக்கில் வைத்துவிட்டு அந்நியோந்நியத்தை டீ பிரேக்குக்குத் தள்ளிவிட்டோம்.

வாராவாரம் நடத்துங்கள். மாதத்துக்கு ஒன்று என்பது கேட்க வசதியாக இருக்கும், ஆனால் இவர்கள் அடிக்கடி வெள்ளி இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து ஊருக்குப் போகிறவர்கள், ஒரு மாதம் தவறினால் இரண்டு மாதம் முகம் பார்க்க முடியாது, அதற்குள் எல்லாம் ஆறிப்போயிருக்கும். ஒரே கிழமை, ஒரே நேரம், மூன்று பேர்தான் வந்தாலும் நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும். நாங்கள் சனிக்கிழமை ஐந்தரைக்கு அடுப்பு பற்றவைத்து எட்டு மணிக்கெல்லாம் ஏறக்கட்டிவிடுவோம், ஏனென்றால் பெண்கள் பிஜி பலவற்றில் பத்து மணிக்கு மேல் கேட்டைத் திறக்க மாட்டார்கள். தனியாகத் திரும்புகிற பெண் யாரும் இருக்கக் கூடாது, இரண்டு பேராகவாவது கிளம்பட்டும், போய்ச் சேர்ந்ததும் குழுவில் ஒரு மெசேஜ். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஆலோசனை, ஜெபம் என்ற பெயரில் ஒருவரும் ஒருவரைத் தனி அறைக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது, அது பொறுப்பில் இருப்பவராகவே இருந்தாலும் சரி, ஊழியக்காரராகவே இருந்தாலும் சரி. இதை முதல் வாரமே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.

சாப்பிட்ட பிறகு ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஜெபம். பாட்டு எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். பாமாலை என்கிற பழைய பாட்டுப் புத்தகத்தோடு வளர்ந்தவனும் கைதட்டிப் பாடுகிற சபையில் வளர்ந்தவளும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள், சில நேரம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதிகாரத்துக்கு மாற்கு சுவிசேஷம் எடுங்கள். பதினாறே அதிகாரம், வாரம் ஒன்று என்றால் நாலு மாதத்தில் முடிந்துவிடும், ஒரு முழுப் புத்தகத்தை ஒன்றாகப் படித்து முடித்தோம் என்கிற தெம்பும் வரும். சுற்றி உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சம் வாசியுங்கள், தமிழ் தடுமாறுகிறவர்கள் ஆங்கிலத்தில் வாசிக்கட்டும், சிரிக்கக் கூடாது. கத்தோலிக்கப் பிள்ளைகள் திருவிவிலியம் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. 9ஆம் அதிகாரத்தில் பிள்ளைக்குச் சுகம் கேட்டு வருகிற தகப்பன், விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்க உதவும் என்று கதறுகிற இடத்தில் நம் பழைய பைபிளில் விசுவாசம், அவர்களுடையதில் நம்பிக்கை. இரண்டும் ஒன்றுதானா என்று ஒரு பெண் கேட்டாள், அன்றைக்கு ஜெபத்துக்கே நேரம் போதவில்லை.

அந்த மாதிரி கேள்விகள் வரும்போது பதில் சொல்லி அடைத்துவிடாதீர்கள். "கடவுள் இருக்கிறாரா என்றே எனக்கு இப்போ தெரியலை அண்ணே" என்று ஒருவன் உங்கள் முன்னால் சொல்கிறான் என்றால் அதைச் சொல்ல அவனுக்கு வேறு இடமே இல்லை என்று அர்த்தம். ஊரில் சொன்னால் அம்மா அழுவார், சபையில் சொன்னால் கைவைத்து ஜெபிப்பார்கள். "சொல்லு" என்று மட்டும் சொல்லுங்கள். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

எங்கள் குழுவில் இரண்டு கேள்விகளுக்குத் தடை. ஒன்று, "எப்போ கல்யாணம்?" இன்னொன்று, "எந்த ஊர், எந்த சேகரம் (ஓர் ஆயரின் கீழ் வருகிற சபைகள்), அப்பா பேர் என்ன?" என்று அடுக்குவது. தெற்கத்திக்காரர்களுக்கு அது எங்கே போய் முடியும் என்று நன்றாகவே தெரியும். ஊர்ப் பெயரை வைத்தே சாதியைக் கணக்குப் போட்டுவிடுகிற சாமர்த்தியம் கிறிஸ்தவர்களான நமக்கும் குறையவில்லை, திருமண்டலத் (டயோசிஸ்) தேர்தல் நேரத்துப் பேச்சைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தடை போட்டதற்கு எங்களிடம் ஒருவர் கோபித்துக்கொண்டு வராமல் போனார். போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

இனி வராதவர்கள். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பித்த போதகர் ஜான் வெஸ்லியின் ஆட்களுக்குக் கட்டிடக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தரட்டும், பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று பொறுப்பெடுத்து வசூலிக்கட்டும் என்று முடிவு பண்ணினார்கள். வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்களுக்குத்தான் ஒவ்வொருவரும் எப்படி வாழ்கிறார்கள் என்றே தெரியவந்தது, காசு பின்னால் போய் அந்தச் சந்திப்பே மெதடிஸ்டுகளின் அடித்தளமாகிவிட்டது. நீங்களும் அதையே செய்யலாம், காசு இல்லாமல். நாலு பேரும் ஆளுக்கு மூன்று, நாலு பெயர் எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வராதவருக்கு ஞாயிறு சாயங்காலத்துக்குள் போன் போக வேண்டும், குழுவில் மெசேஜ் போட்டால் கணக்கில் சேராது. "ஏன் வரல?" என்று ஆரம்பித்தால் வருகைப் பதிவேடு மாதிரி இருக்கும். "சாப்பிட்டியா? நேத்து உனக்கு எடுத்துவச்ச முட்டையை இவன் தின்னுட்டான்" என்று ஆரம்பியுங்கள். அமெரிக்க ஷிப்டில் இருக்கிறவர்களுக்கு அவர்கள் எழுந்திருக்கும் நேரம் பார்த்து அடியுங்கள்.

பதினைந்து பேரைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள், மனசு வராது, ஆனாலும் பிரியுங்கள். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் புத்தகக் கண்காட்சிக்குப் போய்த் தூசி தின்றவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். அந்த ஒய்எம்சிஏவை 1844இல் லண்டனில் ஆரம்பித்தது ஜார்ஜ் வில்லியம்ஸ் என்கிற 22 வயது ஜவுளிக்கடைப் பணியாளர், கிராமத்திலிருந்து பிழைக்க வந்து கடையிலேயே மற்றவர்களோடு தங்கியிருந்தவர். ஆரம்பத்தில் அவரையும் சேர்த்துப் பன்னிரண்டே பேர், சின்னக் குழுதான். நம் பிஜி கதைதான், அடுக்கிவைத்திருந்த துணிக்குப் பதில் இப்போது லேப்டாப்.

பணம் கொஞ்சம்தான் புழங்கும் என்றாலும் கணக்கை இரண்டு பேர் பாருங்கள், அரிசி பில்லைக்கூடக் குழுவில் போட்டுவிடுங்கள். பொறுப்பை வருஷத்துக்கு ஒருமுறை கைமாற்றுங்கள், எப்படியும் உங்கள் நாலு பேரில் ஒருவர் பெங்களூருக்கும் ஒருவர் கனடாவுக்கும் போகத்தான் போகிறார்கள், அதனால் கூடமாட நிற்கிறவர்களைச் சமையலிலிருந்தே பழக்கிவையுங்கள். கல்யாணம் ஆனவர்களை வெளியே அனுப்ப வேண்டாம். குழந்தையோடு வந்தால் ஜெபம் கொஞ்சம் சத்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் முன்கூட்டியே வேலை இருக்கிறது. ரயிலில் 60 நாளுக்கு முன்னால் முன்பதிவு திறக்கிறது என்பதால், அக்டோபர் கடைசியிலேயே யாருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, யாருக்கு லீவு கிடைக்கவில்லை என்று தெரிந்துவிடும். அந்தப் பெயர்களை அப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். டிசம்பர் 25 மதியம் யார் வீட்டில், எத்தனை பேர், சீரகச் சம்பா எத்தனை கிலோ, மட்டனா சிக்கனா என்பதை நவம்பரிலேயே முடிவுசெய்துவிட்டு, லீவு கிடைக்காதவர்களிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.