நண்பனின் கைப்பிடியால் ஒரு பறப்பு

கன்ட்ரோல் லைன் போட்டிகளில், அதாவது மாதிரி விமானத்தை இரண்டு கம்பியில் கட்டி, கைப்பிடியோடு நடுவில் நின்று வட்டமாகப் பறக்கவிடும் போட்டிகளில், கூடவே பறந்தவன் ஒருவன் போய்விட்டால், அவன் விமானத்தை என்ன செய்வது என்ற பேச்சு காரியம் முடிவதற்குள் வந்துவிடும். கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஒரு தடவையாவது பறக்கவிடுங்கள். என்.சி.சி. விமானப் பிரிவில் என்னோடு சேர்ந்து, அந்தப் பிரிவின் வாயு சைனிக் முகாமுக்கு ஒரே ரயிலில் வந்தவனுக்கு நாங்கள் அதைத்தான் செய்தோம்.

முதலில் வீட்டாரிடம் கேளுங்கள். பெட்டியைப் பரணிலிருந்து அவர்களே இறக்கித் தரட்டும், அவசரப்படுத்தாதீர்கள். அவன் மனைவி நாலு மாசம் கழித்துத்தான் கூப்பிட்டார். திறந்ததும் விளக்கெண்ணெய் வாசனை. "ஞாயித்துக்கிழமை சட்டையெல்லாம் இப்படித்தாண்ணா இருக்கும்" என்றார்.

எரிபொருளில் கலந்திருந்த அந்த விளக்கெண்ணெய்தான் எஞ்சினைப் பிசின் போல இறுக்கியிருக்கும். பிளையர் போட்டுத் திருகினால் கனெக்டிங் ராட் போய்விடும். அவனுடையது 2.5 சிசி டீசல். கம்ப்ரஷன் திருகை நாலைந்து சுற்றுத் தளர்த்தி, தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடுகாட்டி, மண்ணெண்ணெய் நாலு சொட்டு விட்டு ஒரு ராத்திரி வைத்தோம். மறுநாள் மறுபடி சூடுகாட்டி, புரொப்பெல்லரைக் கையால் முன்னும் பின்னும் அசைக்க, இளகியது. அவன் வைத்திருந்த பழைய எரிபொருளை ஊற்றாதீர்கள். அதிலிருந்த ஈதர் ஆவியாகியிருக்கும். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறக்குறைய சம அளவில் புதிதாகக் கலக்குங்கள், பக்கத்தில் நெருப்பே கூடாது. எரிபொருள் டியூபையும் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது இழுவைச் சோதனை. இதை விட்டுவிடாதீர்கள். முன்பு வேறொரு நண்பர் நினைவாகப் பறக்கவிட்டபோது, அவர் மேல் இருந்த மரியாதையில் விமானத்தை இழுத்துப் பார்க்கவே தயங்கினோம். மூன்றாவது லேப்பில் இறக்கைக்குள்ளிருந்து வரும் கம்பி அறுந்து, அவர் பார்த்துப் பார்த்துச் செய்தது தரையில் சிதறியது. அவர் மகன் பார்த்துக்கொண்டிருந்தான். எடையைப் போல 10 மடங்கு இழுங்கள்: 600 கிராம் விமானத்துக்கு ஸ்பிரிங் தராசில் 6 கிலோ. கம்பிகள் வந்து சேரும் நெம்பான பெல் கிராங்க் தன் இடத்தைவிட்டு அசையக் கூடாது.

பறக்கும் கம்பிகள் புதியவையாக இருக்கட்டும். ஆனால் பழையதோடு சேர்த்து வைத்து, மேல்கம்பி, கீழ்கம்பி இரண்டையும் அதே நீளத்துக்கு முடியுங்கள். காரணம் கைப்பிடி.

அவன் கைப்பிடி பிளைவுட்டில் அறுத்தது. சைக்கிள் ஹேண்டில்பார் டேப் சுற்றியிருந்தான். சுண்டுவிரல் படும் இடத்தில் டேப் தேய்ந்து மரம் தெரியும். நான் மணிக்கட்டை நேராக வைத்துப் பிடித்தபோது எலிவேட்டர் (விமானத்தை ஏற்றி இறக்கும் வால் பலகை) ஒரு நூல் மேலே நின்றது. பிழை என்று நினைத்து, சரிசெய்ய ஸ்க்ரூடிரைவரைக்கூட எடுத்துவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது: அவன் மணிக்கட்டு எப்போதும் கொஞ்சம் தொங்கியிருக்கும். அந்தத் தொங்கலுக்குத்தான் அப்படி வைத்திருந்தான். அவன் கையை வைத்த மாதிரியே என் கையையும் வைத்தால் மட்டும் விமானம் மட்டமாகப் போகும். நீங்களும் எதையும் திருப்பாதீர்கள். வீட்டு முற்றத்தில் கம்பியை மாட்டி, எலிவேட்டரைப் பார்த்தபடி பத்து நாள் பழகுங்கள்.

பறக்கவிடும் நாள் காற்று எழும்பாத காலை வேளையாக இருக்கட்டும், மின்கம்பி பக்கத்திலேயே இல்லாத மைதானம். எங்கள் கம்பி 15.92 மீட்டர், வந்தவர்களை 25 மீட்டருக்கு அப்பால் நிறுத்தினோம். பாதுகாப்பு வாரை மணிக்கட்டில் மாட்டுங்கள். லேசான காற்று இருந்தாலும், அது உங்களிடமிருந்து விமானத்தை நோக்கி வீசும் பக்கத்தில் கிளப்புங்கள், கம்பி தொய்யாது. வாலைப் பிடித்து விட்டது அவன் மகள். பேச்சு, மௌனம் எதையும் பறப்புக்கு முன்னால் வைக்காதீர்கள், கை நடுங்கும். வித்தைகளும் அதிகம் வேண்டாம். இரண்டு மட்ட லேப், செங்குத்தாக ஏறித் தலைக்கு மேலாக மறுபக்கம் இறங்கும், அவனுக்குப் பிடித்த விங்ஓவர் ஒன்று, மறுபடி எஞ்சின் நிற்கும்வரை மட்ட லேப்புகள். நான் அவ்வளவுதான் செய்தேன். நாலாவது லேப்பில் மணிக்கட்டு தானாகத் தொங்கியது.

இறங்கியதும் மிச்ச எரிபொருளை வடித்து, எஞ்சினில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுச் சுற்றிவிடுங்கள், மறுபடி இறுகாது. விமானத்தை நன்றாகத் துடைத்தோம். கைப்பிடியை மட்டும் துடைக்கவில்லை.