கிரேப் மிர்ட்டில் பூக்கவில்லையா? தை மாதம் கத்தரியை எடுங்கள்

வீதியோரம் ஊதாவாகப் பூத்து நிற்கும் பூமருதின் சின்னத் தங்கைதான் கிரேப் மிர்ட்டில். வளவில் வைத்து மூன்று வருடமாகியும் இலை மட்டும்தான் என்று குறைப்படுகிறவர்கள் பலர். பெரும்பாலும் குற்றம் நிழலில். தென்னைக்குக் கீழே வைத்தால் பூக்காது. 6 மணித்தியாலமாவது நேர் வெயில் வேண்டும்.

அடுத்தது வெட்டு. இது புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். மட்டக்களப்பில் மாரி மழை ஓய்கிற தை மாதக் கடைசியில், பென்சிலைவிட மெல்லிய குச்சிகளையும், ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் எடுத்துவிடுங்கள். அடிமரத்தை மொட்டையடிக்க வேண்டாம். நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். ஈர்க்குப்போல நீண்ட கிளைகள் வந்து, பூப் பாரம் தாங்காமல் தரையில் சாய்ந்தன. பூ உதிர்ந்ததும் பச்சைக் காய்கள் திரளும். அந்தக் கொத்தைக் காய் முற்றுமுன் நறுக்கினால் இன்னொரு தடவை பூக்கும்.

யூரியாவை அள்ளிப் போடாதீர்கள், இலைதான் கொழுக்கும். மட்டக்களப்புக் கடற்கரையோரக் கல்லடிப் பக்கத்து மணலுக்கு மக்கிய மாட்டெருவும், மேலே சருகு மூடாக்கும் போதும். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் காலத்தில் கிணற்றுத் தண்ணீர் சவர் தட்டி உப்பானால் இலை ஓரம் கருகும். அப்போது குழாய்த் தண்ணீர் ஊற்றுங்கள், வேரடியில் மட்டும். இலையில் வெள்ளை மாப்போலப் படிந்தால் அது சாம்பல் நோய். உள்கிளைகளைக் கொஞ்சம் கழித்துக் காற்றோட விடுங்கள்.

வெட்டிய குச்சிகளை எறியாதீர்கள். பென்சில் தடிப்பில் ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி ஈர மணலில் நட்டால் வேர்விடும்.