பூட்டியின் பள்ளிக்கூடத்தைத் தேடுவது எப்படி: 19ஆம் நூற்றாண்டுக் கொழும்பு

முதலில் பள்ளி யாருடையது என்று பாருங்கள். 1869இல் பொதுக் கல்வித் திணைக்களம் தொடங்கிய பின், உதவிப்பணம் பெற்ற பாடசாலைகளுக்கு ஆண்டறிக்கையில் தடயம் இருக்கும். ஆங்கிலப் பெண்மணிகளும் பறங்கியரும் வீட்டிலேயே நடத்திய சிறு தனியார் பள்ளிகள் அங்கே அகப்படுவது அரிது. பெண்பிள்ளைகளைத் தேடுவோர் திணறுவது பெரும்பாலும் இங்கேதான்.

அவற்றுக்குப் பழைய செய்தித்தாள் விளம்பரமே கதி. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் 'சிலோன் ஒப்சேர்வர்' (1834 முதல், முன்பு 'கொழும்பு ஒப்சேர்வர்') கேளுங்கள், பென்சில் கொண்டுபோங்கள். முழு ஆண்டையும் புரட்டாமல், விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரங்களை முதலில் பாருங்கள். கட்டணம், பாடம், தெரு எல்லாம் அதில் கிடைக்கலாம். பள்ளி நடத்தியவரின் பெயரையே பள்ளிக்கும் வைத்திருந்தால், அவர் மணமுடித்ததும் பெயர் மாறித் தடம் அறுந்துவிடும். அப்போது தெருப் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொள்ளுப்பிட்டியை 'கொல்பெட்டி' என்றே அச்சிட்டார்கள்.

ஆண்பிள்ளைகள் விஷயம் சுலபம், ஆனால் பெயர் ஏமாற்றும். றோயல் கல்லூரி 1881 வரை கொழும்பு அக்கடமி. சென் தோமஸ் 1851இல் முகத்துவாரத்தில் தொடங்கியது. கல்கிசைக்குப் போனது 1918இல்தான். பழைய மாணவர் இடாப்பில் தமிழ்ப் பெயரைத் தகப்பன் பெயரிலும் தேடுங்கள். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையென்றால் ஆங்கிலப் பெயரிலும்.