கஞ்சித் தொட்டியில் ஆரம்பியுங்கள்: சென்னையின் பழைய தொண்டுச் சங்கத்துக்கு வரலாறு எழுதுவது எப்படி

வரலாறு எழுத உட்காருகிறவர்கள் முதலில் தேடிப் போவது ஸ்தாபகரின் படத்தை. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊர் வாயில் புழங்கும் பெயரைப் பிடித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி வடசென்னைப் பெரியவர்களுக்கு இன்னமும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரிதான். ஏன்? ஹைதர் அலி படையெடுப்பில் சுற்றுவட்டாரக் கிராமங்கள் பாழாகி, பஞ்சமும் சேர்ந்துகொள்ள, ஜனங்கள் சென்னைக்கு ஓடிவந்தார்கள்; 1782இல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஏற்பட்டது. பார்த்துக்கொண்டவர் ஒரு மணியக்காரர். வெள்ளைக்காரர்கள் வாயில் அவர் ‘மோனிகர்’ ஆனார், சத்திரமும் மோனிகர் சத்திரம் ஆனது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே வைத்தியமும் தொடங்க, அதன் வழிவந்ததுதான் இன்றைய ஆஸ்பத்திரி. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள், பெயரை எப்படியெல்லாம் சிதைத்திருப்பார்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

அடுத்து, உங்கள் கையில் இருப்பது தனியாள் தர்மமா, சங்கமா? இரண்டுக்கும் காகிதம் கிடைக்கிற இடம் வேறு. பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானார். உயிலில் எழுதிவைத்த தர்மப் பணம் வழக்கில் சிக்கி, மிஞ்சியது கல்விக்குத் திரும்பி, பள்ளிக்கூடமாக ஆனது 1842இல். அந்தக் கதை முழுக்க நீதிமன்றக் கட்டுகளில் கிடக்கிறது. 1812இல் தொடங்கிய ஃபிரெண்ட் இன் நீட் சொசைட்டி மாதிரி சந்தாவில் ஓடிய சங்கமென்றால் ஆண்டறிக்கைதான் கதி. அறிக்கையைப் பின்பக்கத்தில் இருந்து படியுங்கள். முன்பக்கம் கவர்னர் புகழ், பின்பக்கம் கணக்கு: யார் எத்தனை ரூபாய் தந்தார், அரிசிக்கு எவ்வளவு, விறகுக்கு எவ்வளவு, சம்பளம் எவ்வளவு. முதல் வருட அறிக்கை கிடைக்கவில்லையா, பிந்தைய அறிக்கையின் அட்டையில் ‘இத்தனையாவது’ என்று இருக்கும், கழித்துப் பாருங்கள். ஆனால் நடுவில் அச்சடிக்காமல் விட்ட வருடங்கள் இருக்கலாம், உஷார்.

நிர்வாகிகள் பெயருக்கு அசைலம் பிரஸ் பஞ்சாங்கம் என்ற பழைய ஆண்டுக் கையேட்டைப் புரட்டுங்கள். அதுவே தொண்டில் பிறந்ததுதான்: எழும்பூரில் 1789இல் தொடங்கிய அனாதைச் சிறுவர் இல்லத்தின் அச்சகம் வெளியிட்டது அது. (அந்த இல்லத்தின் மேற்பார்வையாளர் ஆண்ட்ரூ பெல், நம்மூர்த் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதையே இல்லத்தில் புகுத்தினார், பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித்தருகிற முறையோடு சேர்ந்து அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துக்கே போனது. இது உங்கள் தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்றாலும் எப்படியாவது நுழைத்துவிடுங்கள்.)

இருபதாம் நூற்றாண்டு என்றால் சுலபம். 1917இல் அடையாறில் உருவான இந்திய மாதர் சங்கம் சொந்தமாகப் பத்திரிகையே நடத்தியது. 1954இல் திறந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அந்தச் சங்கத்தின் முயற்சி, முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று நடத்தியது.

கடைசியாக, சங்க அலுவலகத்துக்குப் போக நாள் பார்க்காதீர்கள். ஓரிடத்தில் ‘அடுத்த மாசம் வாங்க சார்’ என்றார்கள், சரி என்று வந்துவிட்டேன். அடுத்த மாதம் போனபோது வெள்ளையடிப்பதற்காக அலமாரியைக் காலி செய்து பழைய பேரேடுகளை எடைக்குப் போட்டிருந்தார்கள். ஸ்தாபகர் படம் மட்டும் புது மாலையோடு அங்கேயே இருந்தது.