ரோட் பைக்குக்குப் புது வீல்: ரெடிமேடா, கட்டி வாங்குவதா?

என் பின் வீலில் இருபது கம்பிகள் (ஸ்போக்) இருந்தன. ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது 'டிங்' என்று ஒரு சத்தம். பத்தொன்பது ஆகிவிட்டது. அடுத்த சுற்றிலேயே ரிம் கோணிக்கொண்டு பிரேக் ஷூவில் உரசியது. பிரேக்கை முழுவதும் திறந்துவிட்டும் பயனில்லை. மீதி வழி பைக்கைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

அதுகூடப் பரவாயில்லை. உடைந்த கம்பி அந்த மாடலுக்கென்றே செய்த தட்டையான, வளைவில்லாத கம்பி. வேறு எந்தக் கம்பியும் அந்த ஹப்பில் (வீலின் நடு உருளையில்) பொருந்தாது. உதிரி வந்து சேர ஐந்து வாரம் ஆனது. வீலைக் குறை சொல்ல முடியாது. நல்ல வீல்தான், நன்றாக ஓடியது. 'இதன் கம்பி எல்லா இடத்திலும் கிடைக்குமா?' என்று வாங்கும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான்தான் கேட்கவில்லை. இந்தப் பதிவு அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ரெடிமேட் வீல் என்றால் ஹப், ரிம், கம்பி மூன்றையும் ஒரே கம்பெனி முடிவு செய்து, கோர்த்து, ஜோடியாக விற்பது. கட்டி வாங்கும் வீல் என்றால் மூன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, வீல் கட்டத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கோர்த்து வாங்குவது. 1990-களுக்கு முன் நல்ல ரோட் வீல் என்றாலே பெரும்பாலும் இரண்டாவது வகைதான். மாவிக் கம்பெனி 1996-இல் ஹீலியம், 1999-இல் க்ஸிரியம் என்று முழு வீல்களாகக் கொண்டுவந்தது. மற்றவர்களும் அதே வழியில் வர, ஜோடியாக வாங்குவது வழக்கமாகிவிட்டது.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ரெடிமேட் என்றால் மெஷின், கட்டியது என்றால் கைவேலை என்று பலர் நினைக்கிறார்கள். விலை உயர்ந்த ரெடிமேட் வீல்கள் பலவற்றைக் கையால்தான் கோர்த்து முடிக்கிறார்கள். கைவேலையிலும் மோசமான கை உண்டு.

படி 1: உங்கள் பைக்கில் எது மாட்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்

எந்த வீல் என்று யோசிப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரேக்: ரிம்மைப் பிடிப்பதா, டிஸ்க்கா? டிஸ்க் என்றால் ரோட்டர், அதாவது அந்த வட்டத் தகடு, ஆறு போல்ட்டில் நிற்கிறதா, நடுவில் ஒரே வளையத்தால் இறுக்கும் சென்டர் லாக்கா?

அச்சு: ரிம் பிரேக் ரோட் பைக்கில் வழக்கமாக நெம்புகோலைத் திருப்பித் திறக்கும் க்விக் ரிலீஸ் இருக்கும், ஹப்பின் அகலம் முன்னால் 100 மி.மீ., பின்னால் 130 மி.மீ. இன்றைய டிஸ்க் பைக்குகளில் பெரும்பாலும் 12 மி.மீ. த்ரூ ஆக்சில் (ஹப்பை ஊடுருவி ஃபிரேமில் திருகும் தடித்த அச்சு), அகலம் முன்னால் 100, பின்னால் 142.

கேசட் (பின் வீலின் பல்சக்கர அடுக்கு): இதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கியர் பாகங்கள் செய்யும் ஷிமானோவின் 11 கியர் ரோட் ஃப்ரீஹப் (ஹப்பில் கேசட் ஏறும் பகுதி), 10 கியருக்கானதைவிட 1.85 மி.மீ. அகலம் அதிகம். 11 கியர் ஹப்பில் தேவையான வாஷர் போட்டு 10 கியர் கேசட்டை மாட்டிவிடலாம். பழைய 10 கியர் ஹப்பில் 11 கியர் ரோட் கேசட்டைப் பெரும்பாலும் மாட்ட முடியாது. ஸ்ராமின் 12 கியர் ரோட் வகைகளுக்குப் பெரும்பாலும் எக்ஸ்டிஆர் (XDR) என்ற வேறு ஃப்ரீஹப் பாடி வேண்டும். கம்பக்னோலோவுக்கு அதற்கென்று தனி.

டயர்: ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் எவ்வளவு அகல டயர் நுழையும் என்று பாருங்கள். 28 மி.மீ. நுழைந்தால் உள் அகலம் 19 முதல் 21 மி.மீ. உள்ள ரிம் நன்றாகப் பொருந்தும். சில புது ரிம்களில் டயரைப் பிடிக்கும் விளிம்புக் கொக்கி இருக்காது. அவற்றில் 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ-க்கு மேல் காற்றடிக்கக் கூடாது. டயரும் அந்த வகைக்கு அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அழுத்திக் காற்றடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்த வகைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

படி 2: கம்பி ஏன் உடைகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

அவசரப்படாமல் இந்தப் படியைப் படியுங்கள். இது புரிந்துவிட்டால் விளம்பரத்தில் பாதி தானாக உதிர்ந்துவிடும்.

சைக்கிள் கம்பி உங்களைத் தூணைப் போல் தாங்குவதில்லை. எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே முறுக்கி இழுக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் எடை விழும்போது தரையை ஒட்டியிருக்கும் சில கம்பிகளின் இழுவிசை குறைகிறது. மேலே போனதும் பழைய நிலைக்கு வருகிறது. வீலின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். ஆக ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 475 முறை ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகுகிறது. இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஓர் இடத்தில் அறுந்துபோகும் அல்லவா? அதே கதைதான். ஹப்பில் கொக்கி போல் வளையும் கழுத்தில்தான் கம்பி வழக்கமாக அறும்.

இழுவிசை போதுமான அளவு இருந்து, ஒரே சீராகவும் இருந்தால் எந்தக் கம்பியும் முழுவதும் தளராது. ஆயுள் கூடும். ஒன்று தளர்ந்து பக்கத்துக் கம்பி இறுகியிருந்தால், வெளியில் நேராகச் சுற்றும் வீல்கூட உள்ளுக்குள் நோயாளிதான். அதனால் "கோட்டம் இல்லாமல் நேராகச் சுற்றுகிறதே" என்பது மட்டும் நல்ல வீலுக்கு அடையாளம் ஆகாது.

பின் வீலில் இன்னொரு சிக்கல். கேசட்டுக்கு இடம் விடுவதால் வலப்பக்கக் கம்பிகள் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கின்றன. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் வலப்பக்கத்தை மிக இறுக்க வேண்டும். வழக்கமாக 100 முதல் 120 கிலோ விசை வரை போகும். உச்ச வரம்பை ரிம் செய்பவர்கள் சொல்லியிருப்பார்கள். இடப்பக்கத்துக்கு அதில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். வலப்பக்கத்தையே குறைவாக இறுக்கிவிட்டால் இடப்பக்கம் தொளதொளவென்று ஆகிவிடும்.

விலை குறைந்த ரெடிமேட் வீல்களின் பலவீனம் இதுதான். பொருள் நன்றாகவே இருக்கும். மெஷின் கோர்த்து, நேராக்கி, இறுக்கம் குறைவாகவோ ஏறுமாறாகவோ இருக்கும்போதே வெளியே அனுப்பிவிடும். விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து சரி செய்தால் அதே வீல் வேறு வீலாகிவிடும். இதை மனதில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

படி 3: உங்கள் எடைக்கு எத்தனை கம்பி?

இது சட்டம் இல்லை, நான் பின்பற்றும் கணக்கு. 65 கிலோவுக்குள் இருந்தால் முன்னால் 20, பின்னால் 24 போதும். 80 வரை 24, 28. அதற்கு மேல் என்றாலோ, பை மூட்டை ஏற்றினாலோ, சாலை மோசமென்றாலோ 28, 32. ஆழமான ரிம் (டயரிலிருந்து ஹப் பக்கம் அதிக உயரம் உள்ளது) இயல்பிலேயே விறைப்பாக இருப்பதால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ரெடிமேட் வீலில் கம்பெனி சொல்லும் எடை வரம்பைக் கட்டாயம் பாருங்கள்.

கம்பி குறைந்தால் காற்றுத் தடை குறையும் என்பது உண்மைதான். ஆனால் வேகம் கூடக்கூடத்தான் அந்த லாபம் கண்ணில் படும். 32 கம்பி வீலில் ஒன்று போனால் பிரேக்கைத் தளர்த்திவிட்டு மெதுவாக வீடு வந்து சேரலாம். இருபதில் ஒன்று போனால் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

படி 4: ரெடிமேட் என்றால் கேட்க வேண்டியவை

ரெடிமேடில் நிஜமான பலம் உண்டு. ஹப்பையும் ரிம்மையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வடிவமைக்கிறார்கள். 50 மி.மீ. ஆழக் கார்பன் வீல் போன்றவற்றில் அந்த வடிவமைப்புக்கு மதிப்பு இருக்கிறது. மொத்தமாகச் செய்வதால், அதே தரப் பொருளைத் தனித்தனியாக வாங்குவதைவிடச் செலவு பெரும்பாலும் குறையும். பழுதானால் பொறுப்பேற்க ஒரே ஆள். காத்திருக்கவும் வேண்டாம்.

கேட்க வேண்டியது: கம்பி எல்லா இடத்திலும் கிடைக்கும் சாதாரண வளைந்த கம்பியா, அந்த மாடலுக்கு மட்டுமானதா? ரிம் தனியாகக் கிடைக்குமா? பேரிங் பொதுவான அளவா? ஃப்ரீஹப் பாடியை மாற்றிக்கொள்ள முடியுமா?

தனி வகைக் கம்பி என்று பதில் வந்தால் வீலை ஒதுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நீளத்திலும் இரண்டு உதிரிக் கம்பியை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பின் வீலில் இரு பக்கத்துக்கும் நீளம் வேறாக இருக்கும், மறந்துவிடாதீர்கள்.

படி 5: கட்டி வாங்குவதென்றால் எந்த வரிசையில்?

முதலில் ஆள், அப்புறம்தான் பொருள். பேச்சைத் தொடங்கியதும் உங்கள் எடையையும் எங்கே ஓட்டுவீர்கள் என்பதையும் அவர் கேட்டால் நல்ல சகுனம். எதுவும் கேட்காமல் ரிம்மின் கிராம் கணக்கையே பேசினால் வேறு ஆளைப் பாருங்கள். இறுக்கத்தை மீட்டர் வைத்து அளப்பாரா, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபார்த்துத் தருவாரா என்றும் கேளுங்கள்.

ஹப்: பணத்தை இதில் போடுங்கள். இதுதான் நீண்ட நாள் நிற்கும். ஷிமானோ 105 வகை ஹப்பில் குண்டும் கோனும் இருக்கும். அவ்வப்போது கிரீஸ் மாற்றினால் பல வருடம் உழைக்கும். டிடி ஸ்விஸ் 350 போன்றவற்றில் பேரிங்கையே கழற்றி மாற்றிவிடலாம்.

ரிம்: ரிம் பிரேக் பைக்கில் ரிம் தேய்ந்து தீரும் பொருள், பிரேக் ஷூ மாதிரி. பல ரிம்களில் தேய்மானக் குறியாக ஒரு கோடோ சிறு குழியோ இருக்கும். அது மறைந்தால் ரிம் முடிந்தது. கட்டிய வீலில் அதே அளவு ரிம்மை வாங்கி, அதே ஹப்பில் மறுபடி கோர்த்துக்கொள்ளலாம். ரெடிமேடில் ரிம் தனியாகக் கிடைக்காவிட்டால் வீலையே தூக்கிப் போட வேண்டியதுதான். டிஸ்க் பிரேக்கில் ரிம் இப்படித் தேயாது. அதனால் இந்த வாதத்துக்கு அங்கே அவ்வளவு வலு இல்லை.

கம்பி: இரு முனையிலும் 2.0 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. என்று மெலிந்த கம்பியைக் கேளுங்கள். மெலிந்ததுதான் சீக்கிரம் அறும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. மெலிந்த நடுப்பகுதி கொஞ்சம் நீண்டு கொடுப்பதால் கழுத்தில் விழும் அடி குறைகிறது. நிப்பிள், அதாவது கம்பியை ரிம்மில் பிடிக்கும் சிறு திருகு, பித்தளையில் இருக்கட்டும். அலுமினிய நிப்பிளில் மிச்சமாகும் சில கிராமை நம்பி, பின்னால் அது அரித்து ஒட்டிக்கொண்டு படுத்தும் பாட்டை விலைக்கு வாங்க வேண்டாம்.

கோர்க்கும் முறையை ஆளிடமே விட்டுவிடலாம். 28, 32 கம்பிக்குப் பொதுவாக மூன்று குறுக்கு, அதாவது ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கும். டிஸ்க் வீலில் பிரேக் விசை ஹப் வழியாக ரிம்முக்குப் போவதால், முன் வீலையும் குறுக்காகக் கோர்க்க வேண்டும். ஹப்பிலிருந்து ரிம்முக்கு நேர்க்கோடாகக் கோர்க்கக் கூடாது.

படி 6: எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆழமான கார்பன் வீல், போட்டி, வேகம் என்று ஆசை இருந்தால் ரெடிமேட். எடை அதிகம், தினமும் ஓட்டுகிறீர்கள், ரிம் பிரேக் என்றால் கட்டி வாங்குங்கள். முதல் வீல், பணமும் அளவாகத்தான் இருக்கிறது என்றால் மூன்றாவது வழி இருக்கிறது. அதிகம் பேர் அதைச் சொல்வதில்லை. சாதாரண வளைந்த கம்பி 28 போட்ட, எளிய ரெடிமேட் வீல் ஒன்றை வாங்கி, வீல் கட்டுபவரிடம் கொடுத்து இறுக்கத்தை முழுவதுமாகச் சீராக்கிக்கொள்வது. புதியவர் என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

படி 7: வீல் கைக்கு வந்தபின்

பைக்கில் மாட்டிச் சுற்றிவிடுங்கள். ரிம் பிரேக் என்றால் ஷூவுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். டிஸ்க் என்றால் ஃபோர்க்கில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதன் முனையை ரிம்முக்கு அருகில் நிறுத்திப் பாருங்கள். அரை மி.மீ.க்கு மேல் பக்கவாட்டில் ஆடினால் திருப்பிக் கொடுங்கள். ரிம் பிரேக் பைக்கின் முன் வீலைக் கழற்றி இடவலமாகத் திருப்பி மாட்டினால், ரிம் நடுவில் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அப்புறம், ஒரே பக்கக் கம்பிகளை வரிசையாக விரலால் மீட்டுங்கள். வீணை நரம்பு போல ஒலி வரும். ஒரே பக்கத்துக் கம்பிகள் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அதுதான் தளர்ந்த கம்பி. பின் வீலில் இடமும் வலமும் வேறு சுருதியில் ஒலிப்பது இயல்பு.

முதல் ஓட்டத்தில் சில முறை 'டிக் டிக்' என்று சத்தம் வரலாம். முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் அவிழ்ந்து கொள்கின்றன, பயப்பட வேண்டாம். இரண்டாம் மூன்றாம் நாளும் தொடர்ந்தால் கட்டியவரிடம் காட்டுங்கள். 300 கிலோமீட்டர் ஆனதும் மறுபடி கம்பிகளை மீட்டிப் பாருங்கள். நான் இப்போது ஓட்டும் 28 கம்பிப் பின் வீலில் அந்தக் கட்டத்தில் இடப்பக்கம் இரண்டு நிப்பிள்கள் தளர்ந்திருந்தன. கால் சுற்றுத் திருகினேன். அதற்குப் பிறகு ஸ்போக் சாவியை வெளியே எடுக்க வேண்டிய வேலை வரவில்லை.